பழைய இசைத்தட்டு வாங்க, விற்க: மும்பையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது என்றால் அந்த வாரம் எனக்கு நாலைந்து போனாவது வரும். பரணைக் காலி செய்யும்போது தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டி இறங்கியிருக்கும், ரத்திவாலா (பழைய பேப்பர்காரர்) கிலோ கணக்கில் கேட்டிருப்பார், அமெரிக்காவில் இருக்கும் பையன் "அதெல்லாம் லட்சக்கணக்கில் போகும், தொடாதீங்க" என்று சொல்லியிருப்பான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் ரத்திவாலா பக்கத்தில். எனக்கு இது முழுநேரத் தொழில் இல்லை. ஆபீஸ் நேரம் போக, பத்துப் பன்னிரண்டு வருடமாக வாங்குகிறேன், விற்கிறேன். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி நானே கீறல் விழுந்த ரெக்கார்டு ஆகிவிட்டேன், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் 150 தட்டு இருக்கிறது. எவ்வளவு போகும்?

பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் பார்த்த பிறகு நான் சொல்வது பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பழையது என்பதால் மட்டும் எதற்கும் விலை கிடையாது. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்பி (பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு) 1963-ல் வந்தது, அது இல்லாத தமிழ் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் எவ்வளவு பயபக்தியோடு வைத்திருந்தாலும் அதற்குச் சில நூறு ரூபாய்தான், ஏனென்றால் வாங்க நினைப்பவர் வீட்டிலேயே ஒன்று இருக்கும்.

விலை போவது இரண்டு விஷயம் சேர்ந்தால்: அச்சான எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், இன்றைக்குத் தேடுகிற ஆள் இருக்க வேண்டும். 80-களில் கேசட் வந்து ரெக்கார்டு விற்பனையை அடித்து நொறுக்கியது, அதனால் அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த தமிழ்ப் படத் தட்டுகள் குறைவாகத்தான் அச்சாயின. 60-களின் தட்டைவிட 1988-ன் தட்டுக்கு அதிக விலை என்றால் பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் எக்கோ என்ற கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்பிகளை விற்பனைக்குப் போட்டால் அன்று ராத்திரிக்குள் பத்துப் பேர் கேட்கிறார்கள்.

தேடுகிற ஆளுக்கு உதாரணம் இதே மும்பையிலேயே இருக்கிறது. சரண்ஜித் சிங் என்ற இந்தி சினிமா வாத்தியக் கலைஞர் 1982-ல் சிந்தசைசரில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி பதிவு செய்தார். அப்போது சீந்துவார் இல்லை. பிற்பாடு வெளிநாட்டு ஆசாமிகள் "இது ஆசிட் ஹவுஸ் (ஒரு வகை மின்னணு நடன இசை) மாதிரி அல்லவா இருக்கிறது, அதுவும் ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு முன்னாலேயே" என்று கண்டுபிடித்து 2010-ல் மறுபதிப்புப் போட்டார்கள். முதல் அச்சு இன்று கையில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

இன்னொன்று, பீட்டில்ஸ். மேல்நாட்டில் 78 வேகத் தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று) நிறுத்திய பிறகும் இங்கே சாவி கொடுக்கிற கிராமபோன்கள் ஏராளமான வீடுகளில் இருந்தன, அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளையே அரக்குத் தட்டில் அச்சிட்டு விற்றார்கள். 60-களின் நடுவில் வந்த அந்த இந்திய 78-களுக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. உங்கள் 150-ல் அப்படி ஒன்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சரி, விலையை நானே எப்படிப் பார்ப்பது?

டிஸ்காக்ஸ் (Discogs) என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தில் பாருங்கள். ஆனால் அங்கே கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. எவனோ ஒருவன் நாற்பதாயிரம் என்று போட்டு மூன்று வருடமாகக் காத்திருப்பான். அதன் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் இதுவரை விற்றதில் குறைந்தது, நடுவானது, அதிகபட்சம் என்று தனியாக இருக்கும், அதுதான் கணக்கு. ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

அப்புறம், உங்களிடம் இருப்பது அதே அச்சுதானா என்று பாருங்கள். ஒரே ஆல்பம் நாலைந்து முறை அச்சாகியிருக்கும். உறையின் முதுகிலும் லேபிளிலும் உள்ள எண்ணைப் பாருங்கள், கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமையாக இருக்கும் வளையத்தில் பொறித்திருக்கிற எண்ணையும் பாருங்கள். அந்த வளையத்து எண் தெரிய வேண்டுமென்றால் தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் அந்த விலை உங்கள் விலை.

78, இபி, எல்பி: எது எது?

பத்து அங்குலம், கனமாக, கீழே போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றால் 78; அரக்கில் செய்தது, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ஏழு அங்குலம் என்றால் இபி, பெரும்பாலும் 45 வேகம், நம் சினிமா இபியில் வழக்கமாக நாலு பாட்டு வரை இருக்கும். பன்னிரண்டு அங்குலம் எல்பி, 33⅓ வேகம்.

கிரேடு, அதாவது தட்டின் நிலைக்குத் தரம், போடுவது எப்படி? எல்லோரும் "நியர் மின்ட்" என்றுதானே போடுகிறார்கள்?

போடுகிறார்கள், அதனால்தான் சண்டை வருகிறது. கோல்ட்மைன் என்ற அமெரிக்க இசைத்தட்டுப் பத்திரிகையின் முறைதான் பொதுவாக எல்லோரும் பின்பற்றுவது. மின்ட் (புத்தம் புதுசு), நியர் மின்ட் (ஏறக்குறைய புதுசு), விஜி பிளஸ், விஜி (விஜி என்றால் வெரி குட்), குட், அதற்கும் கீழே ஃபேர், புவர். இதில் "குட்" என்றால் நன்றாக இருக்கிறது என்று நினைத்து ஏமாறாதவர் இல்லை. குட் என்றால் நிறையத் தேய்ந்தது, பாட்டுக்கு நடுவே கரகரப்பு நிச்சயம், ஏதோ வேறு பிரதி கிடைக்கிற வரை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நம் ஊர்த் தட்டுகளில் நேர்மையாகப் போட்டால் பாதிக்கு மேல் விஜி-தான். கல்யாண வீட்டிலும் பிள்ளையார் பந்தலிலும் ஓடிய தட்டு நியர் மின்டாக இருக்க வாய்ப்பே இல்லை.

நான் செய்வது இப்படி. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை தட்டின் ஓரத்திலிருந்து படுக்கை வாட்டில் அடிப்பேன். நேராக மேலிருந்து அடித்தால் எல்லாத் தட்டும் புதுசுதான். சாய்வாக அடித்தால் முடி மாதிரிக் கோடுகள் எழுந்து வரும். உறைக்குள் நுழைத்து எடுத்ததால் வந்த மெல்லிய கோடு பெரும்பாலும் கேட்காது. விரல் நகத்தை மெதுவாக மேலே ஓட்டினால் நகம் தடுக்குகிற கீறல் கண்டிப்பாகக் கேட்கும், சுற்றுக்கு ஒருமுறை "டிக்" என்று. அடுத்தது நடு ஓட்டை. அதைச் சுற்றி லேபிளில் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கோடுகள் இருந்தால் பல நூறு முறை ஏற்றி இறக்கிய தட்டு என்று அர்த்தம், மேற்பரப்பு எவ்வளவு மின்னினாலும் சரி. கறுப்பாக இருக்க வேண்டிய வரிகள் (முள் ஓடும் பள்ளங்கள்) சாம்பல் பூத்த மாதிரித் தெரிந்தால் கனமான முள்ளால் உழுதிருக்கிறார்கள். அதைக் கழுவிச் சரி செய்ய முடியாது. கடைசியாக, தட்டைக் கண் மட்டத்தில் வைத்துச் சுழற்றி வளைவு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

78-க்கு இன்னொரு சோதனை உண்டு. நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவைத்து ஓரத்தில் லேசாகத் தட்டினால் நல்ல தட்டு "டங்" என்று கணகணக்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் "டொப்" என்று செத்த சத்தம் வரும். மண்பானை வாங்கப் போனால் பாட்டி தட்டிப் பார்ப்பாளே, அதேதான்.

தட்டுக்கும் உறைக்கும் தனித்தனி கிரேடு போடுங்கள். உறையில் பேனாவால் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். "திருமண வாழ்த்துகளுடன், 1974" என்று மை மங்கிப்போய் எழுதியிருந்த ஒரு எல்பிக்கு நான் விலையைக் குறைத்துப் போட்டேன், வாங்கியவர் அந்த எழுத்துக்காகவே வாங்கினேன் என்றார். ஆனாலும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார் என்பதுதான் என் அனுமானம்.

பளபளவென்று இருக்கும் தட்டை நம்பலாமா?

கூடாது. சில பேர் தேங்காய் எண்ணெயோ துரு எடுக்கும் ஸ்ப்ரேயோ தடவித் துடைத்து, போட்டோவில் கண்ணாடி மாதிரி காட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் அந்தப் பிசுக்கில் தூசி அத்தனையும் ஒட்டி, முள்ளில் பஞ்சு மாதிரி சுருட்டிக்கொள்ளும். நேரில் வாங்கினால் விரலால் ஓரத்தைத் தொட்டு முகர்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போய்விட்டதா?

மும்பைக்காரர்களின் தேசியக் கேள்வி இது. ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர். தட்டும் தப்பாது. வினைல் தட்டில் (எல்பி, இபி) மேலோட்டமாகப் பூத்தது பெரும்பாலும் கழுவினால் போய்விடும்; வரிக்குள் வேர் பிடித்தது மாதிரிப் புள்ளி புள்ளியாக நின்றால் கழுவிய பிறகும் சன்னமாகப் பொரிகிற சத்தம் இருக்கும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. வட்டமாக, வரி போகிற திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது; சின்ன வட்டமான டப்பா மூடியை லேபிள் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வேன், பாதிநாள் அது வழுக்கும், பழகிவிடும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. நிழலில், செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் வடாம் காயவைப்பது போல வைத்தால் சாயங்காலம் அது வடாம் மாதிரியே வளைந்திருக்கும்.

முக்கியமாக: ஆல்கஹால் கலந்த திரவத்தை 78 மேல் ஊற்றிவிடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஊரே சானிடைசரும் கையுமாக இருந்த காலத்தில் ஒருவர் தன் அம்மாவின் தட்டுகளைச் சானிடைசரால் துடைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ஐந்து தட்டு, எல்லாம் பழைய நாடக மேடைப் பாட்டுகள். துணியில் கறுப்பாக இறங்கியது அழுக்கு என்று நினைத்து மேலும் மேலும் துடைத்திருக்கிறார்.

உலர்ந்த பிறகு பழைய உள்ளுறையில் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கிறது. பிசுபிசுப்பான பழைய பிவிசி உறைகளையும் தூக்கிப்போடுங்கள், நாளடைவில் அது தட்டின் மேல் படலம் மாதிரிப் படியும். எப்போதும் புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பவை நாசம்.

கூரியரில் உடையாமல் அனுப்புவது எப்படி?

நான் முதல் முதலில் கோயம்புத்தூருக்கு அனுப்பிய எல்பி, தட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, உறையின் மேல் ஓரம் மட்டும் வாய் பிளந்திருந்தது. பெட்டி விழும்போது உள்ளே இருக்கும் தட்டே கத்தி மாதிரி ஓரத்தை அறுத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, புது உள்ளுறையில் போட்டு, உறைக்குப் பின்னால் வைத்துத்தான் கட்டுகிறேன்.

இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு அட்டை, ஒன்றின் நெளிவரி நீளவாக்கில், மற்றது அகலவாக்கில், அப்போதுதான் மடங்காது. நாலு மூலையிலும் தட்டை விட அட்டை ஒரு விரல் அகலம் அதிகமாக இருக்க வேண்டும். பீட்சா டப்பாவில் அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. மழைக்காலத்தில் மொத்தத்தையும் பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் ஒட்டிய பிறகுதான் அட்டைக்குள் வைக்க வேண்டும், டெலிவரி ஆள் நனைந்துகொண்டேதான் வருவார். உறையோடு ஒரு எல்பி ஏறக்குறைய கால் கிலோ, பேக்கிங்கோடு அரைக் கிலோவைத் தாண்டும், அதை வைத்து ஸ்பீட் போஸ்ட் கட்டணம் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். 78-ஐ நான் தபாலில் அனுப்புவதே இல்லை. நேரில் வந்து வாங்குங்கள், கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஃபில்டர் காபி என் செலவு.

பணம் ஏமாறாமல் இருக்க?

விற்பவருக்கு: "க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துவிடும்" என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். பணம் வாங்க பின் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் போகும், அவ்வளவுதான். விலையே பேசாமல், தட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் உடனே எடுத்துக்கொள்கிறேன் என்பவர் மீது எனக்கு எப்போதும் சந்தேகம். உண்மையான சேகரிப்பாளர் தொல்லை கொடுப்பார், ஏழு போட்டோ கேட்பார், இரண்டாவது பக்கம் மூன்றாவது பாட்டை ஓட்டி வீடியோ அனுப்பச் சொல்வார். அனுப்புங்கள்.

வாங்குபவருக்கு: முன்பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன்னால், தட்டின் மேல் இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை வைத்து ஒரு படம் கேளுங்கள். இணையத்தில் சுட்ட படத்தைப் போட்டவன் அத்தோடு காணாமல் போவான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா? வெளிநாட்டுக்கு விற்கலாமா?

வாங்கினால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிடும், அதுவும் ஒற்றைத் தட்டு என்றால் கட்டுப்படியே ஆகாது. நாலைந்தாகச் சேர்த்து வரவழைப்பது பரவாயில்லை. விற்கும்போது டிஸ்காக்ஸ் கமிஷன் தட்டின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள், அதைக் கணக்கில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் இசைத்தட்டுக்கான முதல் ஒலிப்பதிவுகள் 1902-ல் கல்கத்தாவில் நடந்தன, அவற்றில் பாடியவர்களில் பாடகி கௌஹர் ஜானும் ஒருவர். அந்தக் காலத்துத் தட்டுகள் நூறு வயதைத் தாண்டிவிட்டன. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு பழைய, வரலாற்று மதிப்புள்ள பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. அத்தனை பழைய தட்டு கையில் இருந்தால் பார்சல் கட்டுவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

மறுபதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னட்டையில் பார்கோடு இருந்தால் அது 60-களின் தட்டாக இருக்க முடியாது, இவ்வளவு எளிது. தட்டின் எடை 180 கிராம் என்று பெருமையாக எழுதியிருந்தாலும் புதுசுதான். சிக்கல் பழைய உறைக்குள் வேறு தட்டு இருப்பதில்தான். நாற்பது வருடத்தில் வீட்டுப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். உறையின் எண்ணும் லேபிளின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். மறுபதிப்பு கேவலம் என்று நான் சொல்லவில்லை, கேட்பதற்கு என்றால் பல சமயம் அதுதான் நல்லது. மறுபதிப்பை முதல் அச்சு என்று தலையில் கட்டுவதுதான் குற்றம்.

ஆன்லைன் எதற்கு, நேராக சோர் பஜார் போகலாமே?

போங்கள், அந்தப் பழைய சாமான் சந்தையின் மட்டன் ஸ்ட்ரீட்டில் சுற்றுவதே ஒரு சுகம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைவிட நன்றாக டிஸ்காக்ஸ் பார்ப்பவர்கள், அடிமாட்டு விலைக்குக் கிடைத்த காலம் மலையேறிவிட்டது. காலாகோடாவில் ரிதம் ஹவுஸ் இசைக்கடையும் 2016-ல் மூடிவிட்டது. ஒரு வசதி இன்னும் உண்டு: அங்கே இந்தி தட்டுக்குத்தான் மவுசு, தமிழ்த் தட்டைப் படிக்கத் தெரியாமல் "மதராசி" என்று ஒரே கட்டாக வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை நான் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய நாட்கள் உண்டு. போன தடவை அதிலும் பாதி தெலுங்கு பக்திப் பாடல்.

மொத்தமாக ஒரே ஆளிடம் தள்ளிவிடலாமா?

தள்ளலாம், நிம்மதி. விலை பாதிதான் வரும், அது நியாயம்தான், ஏனென்றால் விலை போகாத நூறையும் அவர்தான் சுமக்கப் போகிறார். ஆனால் "நல்லதாகப் பத்து மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று வருபவரை உள்ளே விடாதீர்கள். அந்தப் பத்து போனால் மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள். முதலில் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எண்ணோடு எழுதிவிட்டு, பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் போட்டுவிட்டு தட்டை விற்றுவிடலாமா?

தட்டு உங்களுடையது, பாட்டு உங்களுடையது இல்லை. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு காப்புரிமை இருக்கிறது.

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் ஒன்று விலைக்கு வருகிறது, நாய் படம்கூட இருக்கிறது. வாங்கலாமா?

ஹாலில் அழகுக்கு வைக்க என்றால் வாங்குங்கள், அந்த விலைக்கு. இன்று சந்தையில் சுற்றும் பளபளப்பான குழாய்ப் பெட்டிகளில் பெரும்பாலானவை பழைய மோட்டாரும் புதுக் குழாயுமாகச் சேர்த்துக் கட்டியவை, எச்.எம்.வி.யின் அந்த நாய் முத்திரை தனியாகவே கிடைக்கிறது. அதில் எல்பியையோ இபியையோ வைத்துவிடாதீர்கள், அந்த எஃகு முள்ளின் கனத்துக்கு ஒரே ஓட்டத்தில் வரிகள் போய்விடும். 78 மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள். பழைய முள்ளையே போட்டு ஓட்டிக் காட்டுகிற கடைக்காரரிடம் உங்கள் தட்டைக் கொடுக்காதீர்கள், அவருடையதையே போடச் சொல்லுங்கள்.